முப்பது வரை எண்ணுங்கள்

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்களை நம்ப வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நள்ளிரவில் நடக்கவில்லை. நாய் ஊளையிடவில்லை, மழை கொட்டவில்லை, கரண்ட் போகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல், மதியம் 2.40. ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்து கிடந்தது. கீழ் வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அரளவும் இல்லை, அங்கே இருட்டும் இல்லை.

நான் யார் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். ஒன்பது வருடம் ஒரு இன்டர்நெட் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே எங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். "வணக்கம், நாற்பத்தேழு பேசறேன், சொல்லுங்க." ஒரு நாளைக்கு அறுபது முறை இதைச் சொல்வேன். அந்தச் செவ்வாய்க்கு இரண்டு வருடம் முன்னால் ஆட்குறைப்பு என்று எங்கள் வரிசையையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதே சமயத்தில்தான் புருஷன் வீட்டிலிருந்தும் வெளியே வந்தேன். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். எட்டு வருடம் அந்த மரத்தில் இருந்துவிட்டு இறங்கி வந்தவள் நான். என்னிடம் போய் யாரும் பூச்சாண்டி காட்ட முடியாது.

இரண்டு வருடம் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள், கரண்டியைப் பார்ப்பாள். ஒரு நாள் பெட்டியை எடுத்தேன். அண்ணன் வாசலில் வந்து நின்றான்.

"ஒரு மாசம். ஒரே மாசத்துல நீயே பெட்டியோட திரும்பி வருவ, பாரு."

"வந்தேன்னா என் பேரை மாத்திக் கூப்பிடு" என்றேன்.

வீடு கிடைத்தது. மாடியில் இரண்டு அறை. வேலையும் பாதி கிடைத்தது. ஆடியோவைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். பாதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு பரீட்சை பாக்கி இருந்தது. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அவர்கள் என் கம்ப்யூட்டரோடு இணைவார்கள். ஒரு மணி நேரம் லைன் அறுபடக் கூடாது. சொந்த ரவுட்டர், சொந்த பாஸ்வேர்ட், வேறு யாருடைய இணைப்பும் ஆகாது. அறுந்தால் வேலை பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். வேலை போனால் வீடு போகும். வீடு போனால்... அண்ணி, கரண்டி.

வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். "நெட்டு வாடகைலயே சேர்த்திதாம்மா. சின்ன ரூம்ல மோடம் மாட்டியிருக்கு. உங்க ரவுட்டரை வாங்கிச் சொருகிட்டா ஆச்சு."

"முன்னாடி இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்க?"

"நெட்டு வரலைன்னுதான். மூணு வருஷத்துல நாலு குடும்பம் வந்துபோச்சு. யாருக்கும் வரல."

அதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். பேய் இருந்தால்கூட ஜனங்கள் தங்கிவிடுவார்கள். நெட் இல்லாத வீட்டில் யார் தங்குவார்கள்?

மணி 2.10. ரவுட்டர் பெட்டியைப் பிரித்தேன்.

மோடம் சின்ன அறையின் சுவரில் என் தோள் உயரத்துக்கு ஆணியில் தொங்கியது. பழைய கறுப்புப் பெட்டி. அதன் நெற்றியில் நான் ஒன்பது வருடம் உழைத்த கம்பெனியின் முத்திரை. பார்த்ததும் பழைய முதலாளியைத் தெருவில் பார்த்த மாதிரி எரிச்சல் வந்தது. வைஃபை இல்லாத மாடல், கேபிள் சொருக ஒரே ஒரு துளை. பக்கத்தில் போன் ஒயருக்கு இன்னொரு துளை. கீழே ஸ்டூலில் வெளுத்துப்போன ஒரு போன், அந்த ஒயரில் கட்டிப்போட்டதுபோல் உட்கார்ந்திருந்தது. மோடத்தில் கரண்ட் இருந்தால் போனும் பேசும். பிளக்கைப் பிடுங்கினால் போனும் செத்துவிடும்.

மஞ்சள் கேபிளின் ஒரு முனையை மோடத்தில் சொருகினேன். மறுமுனையை ரவுட்டரின் நீலத் துளையில். சுவிட்சைப் போட்டேன்.

ரவுட்டரில் சிவப்பு லைட். இன்டர்நெட் இல்லை.

இதற்கெல்லாம் நான் கலங்குகிற ஆளா? இந்த மாடல் மோடத்துக்கு ஒரு குணம் உண்டு. முதன்முதலில் எந்தக் கருவி தன்னோடு இணைந்ததோ அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். புதிதாக வேறொன்று வந்தால் வாசலிலேயே நிறுத்தி, யார் நீ என்று கேட்கும். எங்கள் அண்ணி மாதிரி. மருந்து ஒன்றுதான். மோடத்தின் பிளக்கை எடுத்துவிட்டு முப்பது வினாடி விட வேண்டும். பழையதை மறக்க அதற்கு அவ்வளவு நேரம் தேவை. பத்து வினாடி போதாது, இருபதும் போதாது.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்திருக்கலாமே என்பீர்கள். செய்ய மாட்டேன். அங்கே என்ன நடக்கும் என்று எனக்கல்லவா தெரியும்? ஒரு அழைப்புக்கு ஆறு நிமிடம்தான். தாண்டினால் சம்பளத்தில் கை வைப்பார்கள். நாங்களாகப் போனை வைக்கவும் கூடாது. அப்படியானால் வளவளவென்று பேசுபவர்களை என்ன செய்வது? அதற்கு ஒரு வித்தை வைத்திருந்தோம். "மோடத்தோட பிளக்கை எடுத்துட்டு முப்பது எண்ணுங்க. நான் லைன்லயே இருக்கேன்" என்போம். அவர் பேசுவதே அந்த மோடத்தில் இருக்கும் போனில்தான். பிளக்கை எடுத்ததும் லைன் தானாகச் செத்துவிடும். நாங்கள் துண்டித்த மாதிரியும் இருக்காது. திரும்பக் கூப்பிட்டால் வேறு யாருக்காவது போகும். இதற்கு எங்களுக்குள் 'முப்பது போடுவது' என்று பெயர். "நச்சரிப்பு தாங்கலடி." "முப்பது போடு." நானும் போட்டிருக்கிறேன். எல்லோரும் போட்டோம்.

அதனால்தான் கூப்பிடவில்லை. எனக்கே முப்பது போடுவார்கள்.

மணி 2.40. மோடத்தின் பிளக்கைப் பிடுங்கினேன். லைட்டெல்லாம் அணைந்தது. பழக்கதோஷம், சத்தமாகவே எண்ணினேன். ஒன்று... இரண்டு... மூன்று...

பத்தொன்பது என்று சொன்னேன். மோடத்தில் லைட் எரிந்தது.

மூன்று லைட்டும். பச்சை, பச்சை, பச்சை.

பிளக் என் கையில் இருந்தது.

உள்ளே பேட்டரி இருக்கும் என்று நினைத்தேன். சில மாடல்களில் உண்டு. ஆணியிலிருந்து கழற்றித் திருப்பிப் பார்த்தேன். பேட்டரி வைக்கும் குழி காலி. துருப்பிடித்த கம்பிச் சுருள் இரண்டும் ஒரு செத்த கரப்பானும்தான் இருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லைட்டுகள் அணைந்தன.

ஏதோ மிச்ச மின்சாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவர்கள் இப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள்.

2.52. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். பத்தொன்பது. பச்சை, பச்சை, பச்சை. கூடவே கீழே ஸ்டூலில் இருந்த போன் மெதுவாக 'டிங்' என்றது. ஒரே ஒரு முறை.

முதுகு சில்லிட்டது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அந்த நேரம் பார்த்து என் செல்போன் அடித்தது. அண்ணன். மணி 3.04.

"என்ன, நெட்டு வந்துச்சா?"

"வந்தாச்சு" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன பொய்.

"அப்புறம் ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வேலையா இருக்கேன்."

பிறகு கேட்டான்.

"பக்கத்துல யாரு?"

"யாருமில்லையே."

"யாரோ எண்ணிட்டிருக்காங்களே... பன்னெண்டு, பதிமூணுன்னு..."

அறையில் எந்தச் சத்தமும் இல்லை. சத்தியமாக இல்லை. தையல் மெஷின்கூட நின்றிருந்தது.

"டிவி" என்றேன்.

என்னிடம் டிவியே கிடையாது. அவனுக்கும் அது தெரியும்.

"ஏய், பேசாம கிளம்பி வந்துடு" என்றான்.

வைத்துவிட்டேன்.

வந்துடு. அந்த ஒரு வார்த்தை என் பயத்தைப் பாதியாக்கிவிட்டது. மீதிப் பாதியைக் கோபம் தின்றது. பன்னிரண்டோ பதிமூன்றோ, இந்த வீட்டில் யார் எண்ணினால் எனக்கென்ன? நான் இங்கே இருக்க வந்தவள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

3.15. கதவைத் தாழிட்டேன். ஓடத் தோன்றினாலும் ஓடக் கூடாதல்லவா? பிளக்கை வலது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எண்ணினேன்.

ஏழு என்றபோது கூட இன்னொரு குரல்.

என் குரலுக்கு அரை நொடி பின்னால். ஒரு பெண் குரல். வயதான குரல், ஆனால் நடுக்கமில்லாதது. எண்ணிப் பழகிய குரல்.

பதினான்கில் நான் நிறுத்தினேன்.

அது நிறுத்தவில்லை.

பதினைந்து... பதினாறு...

போனிலிருந்து வந்தது. ரிசீவர் வைத்தபடியே இருந்தது. அதன் அடியிலிருந்து, பாத்திரத்துக்குள் பேசுவதுபோல...

பதினேழு... பதினெட்டு... பத்தொன்பது...

பச்சை. பச்சை. பச்சை.

"யாரது?" என்று கத்தினேன்.

லைட்டுகள் அணைந்தன.

இருபது நிமிடம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வெயில் நகர்ந்து என் பாதம் வரை வந்துவிட்டது. 3.38 ஆனது. நாலு மணிக்கு இன்னும் இருபத்திரண்டு நிமிடம்.

எழுந்தேன். போனுக்கு முன்னால் போய் நின்றேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பேசினேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

"இதோ பாருங்க. நீங்க யாரா வேணா இருங்க. நான் உங்களை ஒண்ணும் பண்ணல. நாலு மணிக்கு எனக்குப் பரீட்சை. என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க. நான் இந்த வீட்டை விட்டுப் போக மாட்டேன். போறதுன்னா நீங்க போங்க."

சொல்லிவிட்டு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். பிளக் தரையில் கிடந்தது. கரண்ட் இல்லாத போன். செத்த போன்.

எண்ண ஆரம்பித்தேன்.

அதுவும் ஆரம்பித்தது.

காதுக்குள்ளேயே.

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன முனகல்... நெஞ்சைப் பிடித்துக்கொள்பவர் முனகுவாரே, அது.

பதினைந்து...

பதினாறு... பதினேழு... குரல் இறங்கியது.

பதினெட்டு...

பத்தொன்பது...

நின்றுவிட்டது.

நான் இருபது சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தக் குரல் பேசியது. மெதுவாக. தெளிவாக.

"லைன்ல இருக்கீங்களா?"

ஒன்பது வருடம். ஒரு நாளைக்கு அறுபது பேர். இந்தக் கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வாய் தானாகப் பேசியது.

"இருக்கேன்மா. எண்ணுங்க."

நானே எடுத்துக்கொடுத்தேன்.

"இருபது" என்றேன்.

"...இருபது."

"இருபத்தொண்ணு."

"...இருபத்தொண்ணு."

மோடத்தைப் பார்த்தேன். லைட் எரியவில்லை.

இருபத்தைந்து.

இருபத்தெட்டு.

முப்பது.

அவ்வளவுதான். அதன் பிறகு காதில் ஒன்றுமில்லை. ரிசீவரை வைத்தேன், பிளக்கைச் சொருகினேன். மோடம் ஒவ்வொரு லைட்டாக, நிதானமாக, மனிதர்கள் எழுந்திருப்பதுபோல் விழித்தது. ரவுட்டரில் சிவப்பு மாறிப் பச்சை ஆனது. மணி பார்த்தேன். 3.41.

நாலு மணிக்கு இணைந்தார்கள். ஐந்து மணி வரை லைன் ஒரு நொடிகூட அறுபடவில்லை. இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை விட்டேன், அவ்வளவுதான். "நாளைலருந்து சேர்ந்துக்கோங்க" என்றார் மேற்பார்வையாளர். நான் அழுதேன். எதற்காக அழுதேன் என்று இன்றுவரை சரியாகத் தெரியவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

5.20க்குக் கீழே இறங்கினேன். தையல்காரம்மா காஜா எடுத்துக்கொண்டிருந்தார். நேரடியாகவே கேட்டேன்.

"அக்கா, மாடில முன்னாடி யாரு இருந்தா?"

"எந்த முன்னாடி?"

"அந்த நாலு குடும்பத்துக்கும் முன்னாடி."

ஊசி நின்றது. "கணக்கு டீச்சர்" என்றார். "ரிட்டயராகித் தனியா இருந்தாங்க. செல்போன் வெச்சுக்க மாட்டாங்க. அந்த வீட்டுப் போன்லதான் பையன் வாரா வாரம் கூப்பிடுவான். லைன் பாதில பாதில அறுந்துடும். கம்பெனிக்காரங்களுக்கு எத்தனை வாட்டிதான் போன் பண்ணிருப்பாங்க... யாரும் வரல."

"என்ன ஆச்சு அவங்களுக்கு?"

"மாரடைப்பு. காலைல பால் பாக்கெட் அப்படியே கெடந்துச்சுன்னு நான்தான் கதவைத் தட்டினேன். அந்தச் சின்ன ரூம்லயே கெடந்தாங்க. ஒரு கைல போன் ரிசீவர். இன்னொரு கைல அந்தப் பெட்டியோட பிளக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை மட்டும் சொருகியிருந்தாங்கன்னா யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். எதுக்குப் பிடுங்கினாங்கன்னு இன்னிவரைக்கும் தெரியல."

எனக்குத் தெரிந்தது. எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

"எல்லாத்தையும் எழுதி வெப்பாங்க, வாத்தியாரம்மா இல்லையா?" என்று மேஜைக்கடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். "அவங்க பையன் வீட்டைக் காலி பண்றப்போ தூக்கிப் போட இருந்தான். நல்ல தாளா இருக்கேன்னு நான் வாங்கி வெச்சுக்கிட்டேன். பின்பக்கத்துலருந்து துணி அளவு எழுதிட்டு வரேன்."

முன்பக்கத்திலிருந்து புரட்டினேன். குண்டு குண்டான கையெழுத்து. தேதி, நேரம், பேசியவரின் எண். 'எண் 12: இரண்டு நாளில் ஆள் வரும். வரவில்லை.' 'எண் 31: மேலிடத்தில் சொல்வார்களாம்.' 'எண் 8: பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.' பதினேழு அழைப்பு.

கடைசி அழைப்பு மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை.

'மதியம் 2.40. எண் 47. நல்ல குரல், பொறுமையாகப் பேசுகிறார்கள். பிளக்கை எடுத்துவிட்டு முப்பது எண்ண வேண்டும். அதுவரை லைனிலேயே இருக்கிறார்களாம்.'

நாற்பத்தேழு நான்.

அந்த அழைப்பு எனக்கு ஞாபகமில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அறுபதில் ஒன்று. அதுதான் என்னை இன்றும் தூங்க விடாமல் அறுக்கிறது.

நோட்டை மூடப் போனேன். தையல்காரம்மா எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"இது ஏது?" என்றார்.

அந்தக் கடைசி அழைப்புக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அதே குண்டு கையெழுத்து. தேதி மட்டும் நான் பரீட்சை எழுதிய அதே நாள்.

"காலைல இது இல்லம்மா. இந்தப் பக்கத்தை நான் பார்த்திருக்கேன். நான் எழுதல. என் எழுத்து கோழி கிறுக்கினாப்பல இருக்கும்..."

பென்சிலில் எழுதியிருந்தது. தொட்டதும் விரலில் கரி ஒட்டியது.

'செவ்வாய், 3.41. எண் 47. இந்த முறை இருந்தார்கள். நாளைக்கும் கூப்பிட வேண்டும்.'

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியைக் கட்டு, வண்டியோடு வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒருமுறை லைனில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு இல்லாமல் போனவள் நான். இன்னொரு முறை போக மாட்டேன்.

எட்டு மாதமாகிறது. அதே வீடு, அதே வேலை. என் நெட் இதுவரை ஒருமுறைகூட அறுந்ததில்லை. வீட்டுக்காரர் எல்லோரிடமும் என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லித் திரிகிறார்.

இப்போது மணி 2.38. தினமும்போல் அந்த வெளுத்த போனைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

கூப்பிடட்டும்.